இங்கிலாந்துப் பூந்தோட்டம் பார்க்கப் போறீங்களா? 14 குறிப்புகள்

கோடைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு இங்கிலாந்து போகும் தோழிகளே, அங்கேயே குடியிருக்கும் தோழிகளே! ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அங்கே தோட்டங்கள் பூத்துக் குலுங்கும். ஒரே நாளில் மூன்று இடம் ஓடுவதைவிட, ஒரு தோட்டத்தை ஆற அமரப் பாருங்கள். காசும் மிச்சம், காலும் பிழைக்கும்.

1. எந்தப் பூவைப் பார்க்க ஆசை என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் தேதி குறியுங்கள். ஜூனில் ரோஜா, பியோனி, ஃபாக்ஸ்குளோவ், ஜூலையில் லாவண்டர், ஸ்வீட் பீ, ஹாலிஹாக், ஆகஸ்டில் டேலியா. ஒரு மாதம் தப்பினால் வெறும் இலையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

2. பழங்கால ரோஜா வகைகளில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரே முறைதான் பூக்கும். ஹாம்ப்ஷயரில் உள்ள மாட்டிஸ்ஃபான்ட் தோட்டத்துக்கு ஜூன் நடுவில் போங்கள். சுற்றிலும் மதில் இருப்பதால் வாசனை வெளியே ஓடாமல் உள்ளேயே நிற்கும்.

3. கையைக் கடிக்காமல் ரோஜா பார்க்க லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் உள்ள குயின் மேரிஸ் தோட்டம் இருக்கிறது. சுமார் 12,000 ரோஜாச் செடிகள், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜூன் முதல் இரண்டு வாரத்தில் காலையிலேயே போய்விட்டால் கூட்டமும் இருக்காது.

4. நேஷனல் கார்டன் ஸ்கீம் மூலம் 3,000-க்கும் மேற்பட்ட வீட்டுத் தோட்டங்களைக் குறிப்பிட்ட நாட்களில் திறந்துவிடுகிறார்கள். 1927-ல் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கித் தொடங்கியது. இன்றும் வசூல் நர்சிங் சேவைகளுக்குப் போகிறது. வீட்டில் சுட்ட கேக், டீ பல இடங்களில் கிடைக்கும். வளர்த்தவரிடமே செடியைப் பற்றி விசாரிக்கலாம் என்பதுதான் பெரிய லாபம்.

5. சில இடங்களில் டிக்கெட் விலை இரண்டு விதமாகப் போட்டிருக்கும். நன்கொடை சேர்ந்த 'கிஃப்ட் எய்ட்' விலை அங்கே வரி கட்டுபவர்களுக்கானது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சாதா டிக்கெட்டே கேட்டு வாங்கலாம்.

6. சிஸிங்ஹர்ஸ்ட், ஹிட்கோட், மாட்டிஸ்ஃபான்ட் மூன்றுமே நேஷனல் ட்ரஸ்ட் தோட்டங்கள். குடும்பத்தோடு மூன்று நான்கு இடம் போவதாக இருந்தால், தனித்தனி டிக்கெட்டின் மொத்தத்தையும் வருடச் சந்தாவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

7. வார நாட்களில் கூட்ட நேரம் முடிந்த பிறகு கிளம்பினால் ரயில் டிக்கெட் விலை இறங்கிவிடும். 60 வயது தாண்டிய அப்பா அம்மாவுக்கு சீனியர் ரயில்கார்டு எடுத்தால் பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நாலைந்து பயணத்திலேயே கார்டு காசு திரும்பிவிடும்.

8. கிளம்புமுன் விடுமுறை நாளைப் பாருங்கள். கிழக்கு சஸ்ஸெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்துக்கு வழக்கமாகத் திங்கட்கிழமை லீவு. அவ்வளவு தூரம் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து வருவானேன்?

9. குடைக்குப் பதில் தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாதைகள் குறுகல், குடைக்கம்பி பூங்கொத்தில் மாட்டும். புல்லில் ஈரம் இருக்கும் என்பதால் செருப்பு வேண்டாம், ஷூதான் சரி.

10. புளியோதரையும் ஃபிளாஸ்கில் காபியும் கொண்டு போனால் மதியச் செலவு மிச்சம். பூப்பாத்திகளுக்கு நடுவே சாப்பிட விடமாட்டார்கள். அதற்கென்று ஒதுக்கிய புல்வெளியை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

11. வானம் மூடியிருக்கிறதே என்று பயணத்தை ரத்து செய்யாதீர்கள். கென்ட்டில் உள்ள சிஸிங்ஹர்ஸ்ட்டின் வெள்ளைத் தோட்டம் உச்சி வெயிலில் கண்ணைக் கூசும்; மேகம் போட்ட நாளில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரியும். முதலில் அங்குள்ள கோபுரத்தில் ஏறிப் பார்த்துவிட்டால் தோட்டத்தின் அமைப்பு முழுக்கப் பிடிபடும்.

12. ஃபாக்ஸ்குளோவ் செடி பக்கத்தில் இரண்டு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். பஞ்சு உருண்டை மாதிரி ஒரு பம்பிள் தேனீ அடிப்பூவில் தலையை விட்டு, பின்னங்கால் மட்டும் தெரிய உள்ளே போகும். மகரந்தம் பூசிக்கொண்டு வெளியே வந்து மேல் பூவுக்குத் தாவும். செடி முழுக்க விஷம், அதனால் குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

13. வெளியே வரும் வழியில் உள்ள செடிக் கடையில், பூ உதிர்ந்த செடிகளைச் சில சமயம் விலை குறைத்து வைத்திருப்பார்கள். வருடா வருடம் துளிர்க்கும் வகையா என்று கேட்டு வாங்கினால், அடுத்த கோடையில் உங்கள் வீட்டு வாசலிலேயே பூக்கும். இது அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்! இந்தியாவுக்குச் செடி, விதை கொண்டுவர முன் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்; ஊருக்கு லாவண்டர் சோப்பு போதும்.

14. ஒரு சுற்று முடிந்ததும் டீ குடித்துவிட்டு, வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் இன்னொரு சுற்று நடந்து பாருங்கள். வெயில் சாய்ந்திருக்கும், காலையில் குவிந்திருந்த மொட்டு விரிந்திருக்கும், முதுகுக்குப் பின்னால் விட்டுவந்த பூவெல்லாம் இப்போது முகத்துக்கு நேரே இருக்கும். ஒரே டிக்கெட்டில் இரண்டு தோட்டம் பார்த்த மாதிரி!