டர்ஃப் மூர் திடலும் ஒரு பழம்படச் சுருளும்

வரலாற்றுச் சான்றுகள் எனின் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றையே நாம் முதற்கண் எண்ணுகிறோம். அசையும் படத்தையும் சான்றாகக் கொண்டு கற்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அத்தகைய படத்தை எங்ஙனம் படித்தல் வேண்டும் என்பதற்கு, இங்கிலாந்தின் பழைய கால்பந்துத் திடல் ஒன்றைக் காட்டும் சுருளை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

பர்ன்லி, லங்காஷயர் பகுதியின் நெசவாலை நகரம். (லங்காஷயர்த் துணி நம் துறைமுகங்களில் வந்து குவிந்த கதையை நாம் அறிவோம்.) அங்குள்ள டர்ஃப் மூர் திடலில் பர்ன்லி கழகம் 1883 முதல் ஆடி வருகிறது. நியூட்டன் ஹீத் என்னும் பழம்பெயரை நீக்கி 1902இல் புதுப்பெயர் பூண்ட மான்செஸ்டர் யுனைடெட், அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று அங்கு வந்து 2-0 என வென்றது. அவ்வாட்டத்தைப் பிளாக்பர்ன் நகரின் மிட்செல், கென்யன் இருவரது நிறுவனம் படமாக்கியது. மான்செஸ்டர் யுனைடெட் அணியைக் காட்டும் படங்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுவே.

எனினும், அதில் ஆட்டத்தைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். முக்காலியில் நிறுத்திக் கையால் சுழற்றிய கருவி அது. சுருளோ சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தை அதற்குள் அடக்குதல் எங்ஙனம்? மேலும், படமெடுத்தோரின் நாட்டம் பந்தின்மேல் மட்டும் இருந்ததில்லை. ஊர் ஊராகப் படங்காட்டியோர், தம்மைத் தாமே திரையில் காணும் ஆவலில் மக்கள் காசு கொடுத்து வருவர் என்பதை நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் கருவி கூட்டத்தின் பக்கம் திரும்பியது. முகங்கள் மிகுந்தால் வருவாயும் மிகும்! இவ்வணிக நோக்கத்தை அறியாதவர் இப்படங்களைப் பிழைபடவே படிப்பர். அந்நோக்கமே, எவரும் எழுதி வைக்காத ஆலைத் தொழிலாளரின் சனிக்கிழமைப் பிற்பகலை, தொப்பியும் மேலங்கியுமாக, நமக்குக் காத்துத் தந்தது.

காத்தது என்றோம், அது தப்பியதே அரிது. அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீரும் அதனை அணைப்பது கடினம், தீயின்றியும் காலப்போக்கில் தானே சிதையும். 1994இல் பிளாக்பர்னில் பழைய கடையொன்றின் நிலவறையில், உலோகக் கலங்களுக்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட சுருள்கள் தொழிலாளர் கண்ணில் பட்டன. பீட்டர் வோர்டன் என்னும் உள்ளூர் ஆர்வலர் அவற்றைப் பேணினார். 2000இல் அவை பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தைச் சேர்ந்தன. கருவியினின்று நேரே பெற்ற மூல நெகட்டிவ்கள் ஆதலின் முகங்கள் வியப்பூட்டும் தெளிவுடன் விளங்குகின்றன. நம் சென்னையில் நடராச முதலியார் 1910களில் எடுத்த கீசக வதம் முற்றிலும் அழிந்துபோனதை இங்கு நினையாதிருக்க இயலவில்லை.

இந்நிறுவனத்தின் கால்பந்துப் படங்களில் சிறுவர் பலர் கருவியை நோக்கிக் கையசைக்கின்றனர். 1902இல் பத்து வயதுச் சிறுவனுக்கு 1914இல், உலகப்போர் மூண்டபோது, இருபத்திரண்டு வயது. அக்ரிங்டன் நகரின் பெயரால் அறியப்பட்ட தன்னார்வப் படையில் பர்ன்லி இளைஞர்க்கெனத் தனிப் பிரிவே இருந்தது. 1916 ஜூலை 1 அன்று, பிரான்சின் சோம் போர்க்களத்தில், அப்படையின் பெரும்பகுதியினர் அரைமணி நேரத்திற்குள் மாண்டனர் அல்லது காயமுற்றனர். படம் எவர் பெயரையும் சொல்வதில்லை. அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் சிரித்துக்கொண்டே நிற்கின்றனர்.