வளர்ப்பதா, விற்பதா?
கால்பந்து விளையாட்டு ஒன்று சொல்லும் கணக்குப் பாடம்



"பையன் எந்நேரமும் செல்போனே கதி என்று கிடக்கிறான், கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை" என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. அந்தப் பையன் என்ன விளையாடுகிறான் என்று ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சில விளையாட்டுகளில் பந்தை உதைக்கும் வேலையே கிடையாது. ஒரு கால்பந்து கிளப்புக்கு முதலாளியாக இருந்து ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, சம்பளம் போடுவது, விற்பது, வாங்குவது ஆகியவைதான் வேலை. சுருங்கச் சொன்னால் அது ஒரு பேரேடு. அந்தப் பேரேட்டில் நம் வியாபாரத்துக்கு உதவும் பாடம் ஒன்று இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் அமைப்பு

இவ்வகை விளையாட்டுகளில் பழமையானவற்றுள் ஒன்று 'ஹாட்ரிக்'. 1997-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் தொடங்கப்பட்டது. இணையத்தின் வழியே பல நாட்டினரும் ஆடுகிறார்கள். ஒரு பிரிவில் 8 அணிகள். 14 லீக் ஆட்டங்கள். ஒரு சீசன் 16 வாரங்கள். அந்த 16 வாரங்களில், அதாவது 112 நாட்களில், ஆட்டக்காரருக்கு ஒரு வயது கூடிவிடும்.

கிளப்புக்கு டிக்கெட் விற்பனை, விளம்பரதாரர் பணம் என்று வரவு உண்டு. ஆட்டக்காரர் சம்பளம், பயிற்சியாளர் சம்பளம், மைதானப் பராமரிப்பு, இளைஞர் பயிற்சிக்கூடம் என்று வாராவாரம் செலவும் உண்டு. பயிற்சிக்கூடத்தில் வளரும் பையனை 17 வயது ஆன பிறகே பெரிய அணிக்கு எடுக்க முடியும். எடுத்தபின் அவனை வைத்துப் பயிற்சி கொடுக்கலாம் அல்லது ஏலத்தில் விடலாம். ஏலம் 3 நாள் நடக்கும். பட்டியலில் போட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. விலையிலிருந்து தரகரின் பங்கு கழியும். வாங்கிய சூட்டிலேயே விற்றால் அந்தக் கழிவு அதிகம்.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று. முதலாவது, ஒரு வாரத்துக்கு ஒரு திறமைக்குத்தான் பயிற்சி. அந்த வார ஆட்டத்தில் உரிய இடத்தில் இறங்கியவருக்கே அது முழுமையாகச் சேரும். ஆகவே எத்தனை பேரை எடுத்தாலும் பயிற்சி பெறும் இடங்கள் சிலவே. இரண்டாவது, வயது ஏற ஏறவும் திறமை உயர உயரவும் வளர்ச்சியின் வேகம் குறையும். மூன்றாவது, திறமை உயர்ந்தவருக்குச் சம்பளமும் உயரும். அந்த உயர்வு அவருடைய பிறந்த நாளில் கணக்கில் ஏறும்.

குறைந்த இடம், குறையும் வளர்ச்சி, கூடும் செலவு: இந்த மூன்றையும் நாம் கடையில் அன்றாடம் பார்க்கிறோம். அலமாரியில் உள்ள இடம் அளவானது. சரக்கு நாளாக நாளாக மெருகு குறையும். முடங்கிய முதலுக்கு வட்டி ஓடும்.

இரண்டு வகைத் தவறுகள்

புதிதாக ஆடுவோர் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள்.

ஒரு சாரார் விற்க மனமில்லாதவர்கள். "நான் வளர்த்த பையன், இன்னும் விலை ஏறுவான்" என்று ஒவ்வொருவரையும் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். 23 வயதில் அவர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவருடைய சம்பளம் கல்லாவைக் காலி செய்யும். அவர் அடைத்துக்கொண்டிருக்கும் பயிற்சி இடத்தால் பின்னால் வரும் 17 வயதுப் பையன் உட்கார்ந்தே காலம் கழிப்பான். அவனுடைய வேகமான வளர்ச்சிக் காலம் வீணாகும்.

மறு சாரார் வந்த விலைக்குத் தள்ளுபவர்கள். பயிற்சிக்கூடத்திலிருந்து வெளியே வந்த அன்றே ஏலம். கையில் ரொக்கம் புரளும். அணியில் ஆள் இருக்காது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு ரசிகர் குறைவர், விளம்பரப் பணம் குறையும், கீழ்ப் பிரிவுக்கு இறங்க நேரும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியவன் கதைதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

இனி ஏட்டைத் திறப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. கணக்கின் போக்கை மட்டும் பாருங்கள்.

17 வயதுப் பையன் ஒருவனை இன்று விற்றால் 1,00,000 கிடைக்கும். விற்காமல் பயிற்சி கொடுக்கிறோம்.

முதல் சீசன்: சம்பளம் வாரம் 1,000 வீதம் 16,000. பயிற்சிச் செலவில் அவன் பங்கு வாரம் 4,000 வீதம் 64,000. மொத்தச் செலவு 80,000. சீசன் முடிவில் விலை 3,00,000. விலை உயர்வு 2,00,000. செலவு போக லாபம் 1,20,000.

இரண்டாம் சீசன்: சம்பளம் வாரம் 3,000 வீதம் 48,000. பயிற்சிச் செலவு அதே 64,000. மொத்தம் 1,12,000. விலை 4,60,000 ஆகிறது. உயர்வு 1,60,000, லாபம் 48,000.

மூன்றாம் சீசன்: சம்பளம் வாரம் 6,000 வீதம் 96,000. பயிற்சிச் செலவு 64,000. மொத்தம் 1,60,000. விலை 5,40,000. உயர்வு 80,000 மட்டுமே, நஷ்டம் 80,000.

விலையை மட்டும் பார்ப்பவருக்கு 5,40,000 என்பதே பெரிய தொகை. அவர் மூன்றாம் சீசன் முடியும்வரை காத்திருந்து, பெரிய விலைக்கு விற்றதாகப் பெருமைப்படுவார். ஏட்டைப் பார்ப்பவருக்கோ அந்தக் காத்திருப்பில் 80,000 கரைந்தது தெரியும்.

இன்னொரு படி மேலே போவோம். இரண்டாம் சீசனில் அவன் தந்தது 48,000. அதே பயிற்சி இடத்தில் புதிதாக ஒரு 17 வயதுப் பையனை இறக்கியிருந்தால் 1,20,000 வந்திருக்கும். ஆகவே அடுத்த பையன் தயாராக இருந்தால் முதல் சீசன் முடிவிலேயே விற்பதுதான் லாபம். அடுத்தவன் தயாராக இல்லை என்றால் இரண்டாம் சீசன் முழுதும் வைத்திருப்பதே சரி. எப்போது விற்பது என்ற கேள்விக்கு விடை விற்கப்படும் ஆளிடம் மட்டும் இல்லை. அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவனிடமும் இருக்கிறது. இந்தப் பாடத்தின் சாரமே இதுதான்.

கடைப்பிடிக்க வேண்டிய நான்கு விதிகள்

1. விற்ற பணத்தை வருமானம் என்று எழுதாதீர்கள். அது முதல். வாரச் செலவு வாரவரவுக்குள் அடங்க வேண்டும். வாரம் 20,000 துண்டு விழுகிறது என்றால் 16 வாரத்தில் 3,20,000. நம் மாதிரிக் கணக்கில் ஒரு சீசன் வளர்த்த பையனின் முழு விலையும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போதாது. நல்ல பையன் கிடைக்காத ஒரு சீசன் வந்தால் கிளப் கடனில் விழும். கடனுக்கு வட்டி ஏறும்.

2. விற்கும் காலத்தை வாங்கும் நாளிலேயே குறித்து வையுங்கள். சம்பளம் உயரப் போகும் பிறந்த நாளுக்கு முன்பாக ஒரு முறை கணக்குப் பார்ப்பது நல்லது. 17 வயதும் 10 நாளும் ஆன பையனுக்கும், 17 வயதும் 100 நாளும் ஆன பையனுக்கும் திறமை ஒன்றாக இருந்தாலும் சந்தையில் ஒரே விலை கிடைக்காது.

3. எல்லோரும் வளர்ப்பதையே நீங்களும் வளர்க்காதீர்கள். நடுக்கள ஆட்டக்காரர்களையே பலரும் பயிற்றுவித்தால் சந்தையில் அவர்கள் குவிவார்கள், விலை இறங்கும். எந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடு என்று பார்த்து வளர்ப்பவருக்கே விலை கிடைக்கும்.

4. தூண்களை விற்காதீர்கள். இரண்டு மூன்று ஆட்டக்காரர்கள் லாபக் கணக்கில் நஷ்டமாகத் தெரியலாம். ஆனால் அவர்கள் இருப்பதால் அணி வெல்கிறது, கூட்டம் வருகிறது. நம் கடையில் சர்க்கரைக்கு லாபம் சொற்பம். அதற்காகச் சர்க்கரையை நிறுத்திவிட்டால் மற்ற சாமான் வாங்க வருகிறவரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார் அல்லவா?

உண்மைக் களத்தில் நடந்தது

"இதெல்லாம் விளையாட்டுக் கணக்கு, நிஜத்தில் நடக்குமா?" என்று கேட்கலாம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள அயாக்ஸ் கிளப்பின் வரலாற்றைப் பாருங்கள். இளைஞர்களை வளர்ப்பதில் உலகப் புகழ் பெற்ற கிளப் அது.

1995 மே மாதம் வியன்னாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இத்தாலியின் ஏசி மிலானை 1-0 என்று வென்றது. கோல் போட்ட பாட்ரிக் குளூய்வர்ட், அயாக்ஸின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த 18 வயது இளைஞர். அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்படி, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால் பழைய கிளப்புக்குப் பணம் தர வேண்டியதில்லை. 1996-இல் எட்கர் டேவிட்ஸும் மைக்கேல் ரைசிகரும், 1997-இல் குளூய்வர்ட்டும் விலை ஏதுமின்றி அதே மிலானுக்குச் சென்றார்கள். மூவரும் அயாக்ஸில் வளர்ந்தவர்கள். வளர்த்தவருக்கு வந்தது ஒன்றுமில்லை.

பிற்காலத்தில் அதே கிளப் கணக்கைச் சரியாகப் போட்டது. 2015-இல் வேறொரு நெதர்லாந்து கிளப்பிலிருந்து எடுத்த ஃபிரெங்கி டி யோங்கை 2019 ஜனவரியில் பார்சிலோனாவுக்கு 7.5 கோடி யூரோவுக்கு விற்றது. ஆனால் ஆளை அனுப்பியது சீசன் முடிந்த பிறகுதான். முன்பணம் பேசி, பிறகு சரக்கு அனுப்புகிற மாதிரி. இடைப்பட்ட மாதங்களில் அவரையும் வைத்துக்கொண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை சென்றது. அந்தக் கோடையிலேயே, 9 வயதிலிருந்து தான் வளர்த்த மத்தைஸ் டி லிக்ட்டை ஏறத்தாழ அதே விலைக்கு யுவெண்டஸுக்கு விற்றது. விற்ற பின்னும் 2021, 2022 ஆண்டுகளில் நெதர்லாந்து சாம்பியன் பட்டம் வென்றது. காரணம், பின்வரிசை தயாராக இருந்தது.

2022 கோடையில் நிலைமை மாறியது. ஆண்டனி, லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் ஆகிய இருவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றது. ஆண்டனி ஒருவருக்கே சுமார் 9.5 கோடி யூரோ. வேறு சிலரும் அதே நேரத்தில் வெளியேறினார்கள். அவர்களில் இருவர் ஒப்பந்தம் முடிந்து இலவசமாகவே போனார்கள். கல்லா நிறைந்தது. ஆனால் ஒரே மூச்சில் பல தூண்கள் சாய்ந்தன. வாங்கிப் போட்டவர்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை. 2022-23 சீசனில் மூன்றாம் இடம். 2023 அக்டோபர் இறுதியில் 18 அணிகள் கொண்ட லீக்கில் கடைசி இடம்! பிறகு எழுந்து அந்த சீசனை ஐந்தாம் இடத்தில் முடித்தது. இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். என்றாலும், கையில் பணம் இருந்தும் சந்தையில் உடனே வாங்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அது பழகிய ஆட்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

நம் கடைக்கு எவ்வளவு பொருந்தும்?

சரக்கைப் பொறுத்தவரை மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். இன்னும் விலை ஏறும் என்று மூட்டையை அடுக்கி வைப்பவர், கோடவுன் வாடகை, வட்டி, எடைக் குறைவு மூன்றையும் எழுதிப் பார்க்கட்டும். அந்த இடத்தில் வேகமாகப் புரளும் வேறு சரக்கு என்ன லாபம் தரும் என்றும் எழுதட்டும். விற்பதா, வைப்பதா என்பது அப்போது தானே தெரியும்.

ஆட்களைப் பொறுத்தவரை பாடம் வேறு. விளையாட்டில் ஆட்டக்காரர் திரையில் தெரியும் ஓர் எண். நம் கடையில் தராசு பிடிக்கும் தம்பி எண் அல்ல. 16 வயதில் வந்து, பொட்டலம் கட்டக் கற்று, கொள்முதல் நெளிவுசுளிவு பழகி, பத்து வருடம் கழித்துத் தனிக்கடை போடுகிறேன் என்று வந்து நிற்பார். அவரை ஏலம் விட முடியாது; விடவும் கூடாது. 1996-இல் அயாக்ஸ் நின்ற இடத்தில்தான் நாம் எப்போதும் நிற்கிறோம். வளர்ந்தவர் போகத்தான் போவார். நமக்கு விலை வராது.

அதற்காக ஆட்களை வளர்க்காமல் இருக்கலாமா? கூடாது. ஒருவர் கல்லாவைப் பழகும்போதே இன்னொருவர் எடை போடவும், மூன்றாமவர் சரக்கு எடுத்துக் கொடுக்கவும் பழகிக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர் விடைபெறும் நாளில் கடை ஒரு மணி நேரமும் தடுமாறக் கூடாது. வாழ்த்தி அனுப்பினால் நாளை அவர் நம்மிடமே மொத்தச் சரக்கு எடுக்கும் வியாபாரியாக வரலாம். சண்டை போட்டு அனுப்பினால் எதிர்வரிசையில் போட்டிக் கடை போடலாம்.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை செல்போனில் ஆட்டக்காரரை விற்கிறேன் என்று சொன்னால் திட்டாதீர்கள். "எத்தனை வாரம் வைத்திருந்தாய்? சம்பளம் எவ்வளவு போயிற்று? அடுத்த ஆள் தயாரா?" என்று கேளுங்கள். அவனுக்கு விடை தெரிந்திருந்தால், மாதம் ஒரு நாள் கடையின் இருப்புக் கணக்கை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். நம் கடைக்கும் ஒரு பின்வரிசை வேண்டும் அல்லவா?