கணினிக்குத் தெரிந்ததை நம்மிடம் ஏன் கேட்கிறது?

கேள்வி: கணினிப் படிவங்களை நிரலாளர்களே திட்டுகிறார்கள். அப்படியானால் நிரல் எழுதுவதில் அவர்களுக்கு என்னதான் இன்பம்?
- வாசகர், முந்தல்

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றே. நமது இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். 2016இல் வந்த 12 இலக்க முறையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். எல்லா ஆண்டுக்கும் 366 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1 எப்போதும் 61ஆம் நாள். இந்தப் புதிரை அவிழ்த்து, சில வரிகளில் பிறந்த திகதியை வரவழைப்பதுதான் நிரலாளரின் இன்பம். அந்த இலக்கத்தை வாங்கிக்கொண்டே பிறந்த திகதியையும் பாலினத்தையும் மறுபடி நிரப்பச் சொல்லும் படிவம்தான் அவருடைய எரிச்சல்.

இருமுறை கேட்டால் பிழை பிடிபடும் என்பார்கள். கணித்த திகதியைத் திரையில் காட்டி, "சரியா?" என்று கேட்டாலும் பிடிபடுமே! பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருப்பதால் இரண்டையும் கையாள்வது கூடுதல் வேலை என்பதும் வெறும் சாட்டு. அதை நிரலாளர் ஒருமுறை செய்யாவிட்டால், அந்தச் சுமை ஒவ்வொரு பயனர் தலையிலும் ஒவ்வொரு முறையும் விழும். பயனரின் வேலையைக் குறைக்காத இடைமுகம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அரைகுறை வேலைதான்.