வாளிக் கணக்கில் ஒரு தோட்டம்

மகளுக்கு வீடும் வளவும் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு எடுப்பது நம் பக்கத்து வழக்கம். நாலு மகள்மார் என்றால் வளவு நாலாகும். அதனால்தான் பாலமுனையில் புதுக்குடித்தனம் தொடங்கும் உங்கள் கையில் இன்று இருப்பது பத்துப் பேர்ச், மிஞ்சினால் பதினைந்து பேர்ச். வீடு, கிணறு, மலசலகூடக் குழி எல்லாம் போக எஞ்சும் மணலில் என்ன வரும் என்று கேட்கிறீர்கள். வீட்டுக் கறிக்குத் தேவையானதில் நல்லதொரு பங்கு வரும். ஆனால் நிலத்தை அளந்து தோட்டம் போடாதீர்கள். தண்ணீரை அளந்து போடுங்கள்.

1. முதல் வருடம் நான்கு பாத்திக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் பத்தடி நீளம், மூன்றடி அகலம். அகலம் கூடினால் களை பிடுங்கப் பாத்திக்குள் கால் வைக்க வேண்டிவரும். கோடையில் மரக்கறிப் பயிர் சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 லீற்றர் தண்ணீர் குடிக்கும். நான் சொன்ன பாத்தி 3 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பத்து லீற்றர் வாளியால் பாத்திக்கு ஒன்றரை, நாலு பாத்திக்கு ஆறு வாளி. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஒரேயடியாக ஊற்றினால் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். சுபஹுக்குப் பிறகு மூன்று, அசருக்குப் பிறகு மூன்று என்று பிரித்து ஊற்றுங்கள். ஓகஸ்ட் வெயிலில் இதை யார் செய்வது என்று இப்போதே இருவரும் பேசுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆறு வாளி சிரமம் என்றால் இரண்டு பாத்தி போடுங்கள். காய்ந்த நாலைவிடப் பச்சையாக நிற்கும் இரண்டு நல்லது.

2. தொடங்கும் மாதம் செப்டம்பர். நமக்கு மாரி ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரை நிற்கும். நவம்பரும் டிசம்பரும் உச்சம். கத்தரி, கொச்சிக்காய், தக்காளி நாற்றுகள் நாலைந்து கிழமையில் நடும் பருவத்துக்கு வந்துவிடும். செப்டம்பர் நடுவில் நிழலில் நாற்றுப் போட்டால், முதல் மழை மண்ணை நனைத்ததும் நடலாம். பெருமழை அடிப்பதற்குள் வேர் பிடித்திருக்கும்.

2022 ஜூனில், உணவு நெருக்கடி வந்தபோது, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது அரசாங்கம். எண்ணம் நல்லது. ஆனால் ஜூனில் மழை தென்மேற்குக்குத்தான். மலைநாட்டில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு அதே காற்று கச்சானாக நம்மிடம் வரும்போது, இலையிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த மாதத்தில் பழகிய கையே தடுமாறும். நாடு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் நாட்காட்டியை நம்பாதீர்கள். உங்கள் கூரையில் மழை எப்போது விழுகிறது என்று பாருங்கள்.

3. நடுமுன் மணலுக்குத் தீனி போடுங்கள். நம் மாவட்டத்தில் நெல்லுக்கும் மாட்டுக்கும் தேங்காய்க்கும் குறைவில்லை. ஒரு அடி ஆழம் தோண்டி, அடியில் பொச்சு மட்டையை உட்குழிவு மேலே பார்க்க அடுக்குங்கள்; அது தண்ணீரைக் குடித்து வைத்திருந்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதன்மேல் மக்கிய மாட்டெரு, ஆட்டுப்புழுக்கை, உமிக்கரி கலந்த மண். கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். இரண்டு மூன்று மாதமாவது குவித்து மக்க வையுங்கள். மீன் கழிவை ஆழமாகப் புதைக்காவிட்டால் நாயும் பூனையும் பாத்தியைக் கிளறிவிடும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது வயல்காரர் பட்ட பாடு பெரிது. நாலு பாத்திக்காரருக்கு அந்தப் பயம் இல்லை. அடுப்படியும் மாட்டுப்பட்டியும் கொடுப்பதே போதும்.

4. மாரியில் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். கோடையில் அரை அடி தாழ்த்துங்கள். வளவில் தண்ணீர் தேங்கும் மாதமும் மணல் சுடும் மாதமும் ஒரே ஊரில்தான் வருகின்றன.

5. கிணற்றைக் காப்பாற்றுங்கள். இது எனக்குப் பெரிய கவலை. நம் கரையோரத்தில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. அப்படியென்றால் மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறப்பார்க்கும் என்று நீங்களே யோசியுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கிணறுகள் உப்பானதை உம்மா வாப்பாமார் சொல்லியிருப்பார்கள். உப்பைப் போக்குகிறோம் என்று அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து இன்னும் உப்பு ஏறும் என்று ஆய்வாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள். அந்த உப்பைக் கழுவ மாரி மழைதான் வரவேண்டியிருந்தது.

ஆகவே மோட்டரைப் போட்டுவிட்டுப் பைப்பைப் பாத்தியில் கிடத்தி வேறு வேலைக்குப் போகாதீர்கள். வாளியால் அள்ளினால் அளவு கண்ணில் தெரியும். இலையின் ஓரமும் நுனியும் கருகினால் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் அந்தக் கோடையில் போஞ்சி, வெங்காயத்தை மறந்துவிடுங்கள். தென்னையும் அகத்தியும் அதைத் தாங்கும். வுழுச் செய்யும் தண்ணீரில் சவர்க்காரம் இல்லை. அது வழியும் இடத்தில் வல்லாரையும் கங்குனும் வையுங்கள். உடுப்புக் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். மலசலகூடக் குழிப் பக்கம் கீரைப் பாத்தி கூடவே கூடாது.

6. உங்கள் அடுப்பில் கிழமைக்கு மூன்று தடவையாவது ஏறுவதை நடுங்கள். கொச்சிக்காய் ஆறு மரம், கத்தரி நாலு, வெண்டி பத்து: சின்னக் குடும்பத்துக்கு இது தாராளம். மற்றப் பாத்தியில் கீரை. முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த முதல் பறிப்பு தருகிற தெம்பு பெரிது. வெண்டி ஒன்றரை மாதம், பயற்றங்காய் இரண்டு மாதம், கொச்சிக்காய் அதைவிடப் பொறுமை கேட்கும். வேலியோரம் முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, பப்பாசி இரண்டு, ஒரு தேசி. ரம்பையைக் கிணற்றடியில் வையுங்கள். நோன்புக் கஞ்சிக்குக் கடை தேடி ஓட வேண்டாம். கரட்டும் கோவாவும் மலைநாட்டுக் குளிரில் நன்றாக வருபவை. முதல் வருடம் அவற்றில் காசைக் கொட்டாதீர்கள்.

7. நடும் நாளுக்கு முதல் நாளே வேலி முடிந்திருக்க வேண்டும். ஒரு ஆடு ஐந்து நிமிடத்தில் ஐந்து மாத உழைப்பைத் தின்றுவிடும். கரைவலைக்காரரிடம் கழித்துப்போட்ட வலை கேட்டுப் பாருங்கள். வேலிக்கும் ஆகும், பாகலும் புடோலும் படரப் பந்தலுக்கும் ஆகும்.

8. தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள். கொச்சிக்காய் இலை சுருண்டால் காரணம் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிதான். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடியில் படத் தெளியுங்கள். பக்கத்து வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைக் கொண்டுவந்து கீரைக்கு அடிக்காதீர்கள். அதைத் தின்னப்போவது உங்கள் பிள்ளை.

9. வெண்டியிலும் கத்தரியிலும் நோயில்லாத நல்ல மரமொன்றில் சில காய்களை முற்றவிட்டு விதை எடுங்கள். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, இறுக்கி மூடிய போத்தலில் வையுங்கள். கலப்பின விதைப் பைக்கற்றில் வந்த மரத்தில் விதை எடுத்தால் தாய்மரம் போல் வராது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

10. புரியாத நோய் வந்தால் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் பேசலாம். நேரில் போகும்போது நோய்பிடித்த கிளையொன்றை முறித்து, ஈரக் கடதாசியில் சுற்றி எடுத்துப் போங்கள். எத்தனை நாளாக, எந்தப் பாத்தியில், என்ன எரு போட்டீர்கள் என்று கேட்பார். அதையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருங்கள்.