வட்டி வீதம் மாறும்போது வீட்டுக் கணக்கு

மாணவர்களே, மத்திய வங்கியின் பணிகளைக் கேட்டால் தயங்காமல் எழுதிவிடுவீர்கள். ஆனால் கொள்கை வட்டி வீதம் உயர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்று கேட்டால், "கடன் வட்டி கூடும்" என்ற ஒரே வரியுடன் பலர் நின்றுவிடுகின்றனர். அந்த வரி பிழையன்று, போதாது.

வர்த்தக வங்கிகள் மத்திய வங்கியிடம் ஓரிரவுக்குக் கடன் பெறும் வட்டி வீதம் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் எனப்படும். இது 2022 ஏப்ரல் 8 இல் ஒரே நாளில் 7.50 இலிருந்து 14.50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023 மார்ச்சில் 16.50 ஆகி, அதே ஆண்டு நவம்பரில் 10 ஆக இறங்கியது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்னும் தனி வீதம் 8 சதவீதமாக அறிமுகமாயிற்று. வீதம் மீளாய்வு செய்யப்படும் திகதி முன்கூட்டியே தெரியும், முடிவு தெரியாது. மக்கள் சமாளிக்க வேண்டியது இதனைத்தான்.

முதலில் கடனாளியைப் பார்ப்போம். வீட்டுக் கடனில் ஒருவருக்கு 2,000,000 ரூபா நிலுவை உள்ளது. வட்டி மாறும் வட்டி; மாதத் தவணை 25,000 ரூபா. வட்டி 12 சதவீதமாயின் அம்மாத வட்டி:

2,000,000 × 12/100 × 1/12 = 20,000 ரூபா

மீதி 5,000 ரூபா முதலைக் குறைக்கும். வட்டி 24 சதவீதமானால் மாத வட்டி மட்டும் 40,000 ரூபா. பழைய தவணை வட்டிக்கே காணாது. தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி வங்கியைக் கேட்கலாம் என்று சிலர் விடை எழுதுவர். எத்தனை ஆண்டுகள் நீட்டினாலும் மாதம் 40,000 ரூபாவுக்குக் குறைவாகச் செலுத்தினால் இக்கடன் தீராது என்பதைக் கவனியுங்கள். எனவேதான் பலர் நகையை விற்றோ, சீட்டுப் பணத்தை எடுத்தோ முதலில் ஒரு பகுதியை அடைக்க முயல்கின்றனர். நகையை அடகு வைப்பதும் உண்டு. ஆனால் அடகுக்கும் வட்டி உண்டு, அதுவும் ஏறியிருக்கும்.

அப்படியாயின் நிலையான வட்டிக் கடன்தான் சிறந்ததா? 2022 இறுதியில் உயர்ந்த நிலையான வட்டிக்குக் கடன் எடுத்தவர், 2023 இல் வீதங்கள் இறங்கியபோதும் பழைய வட்டியையே கட்ட நேர்ந்தது. கையொப்பமிடுமுன், வட்டி எப்போது மீளாய்வு செய்யப்படும், முன்கூட்டியே தீர்த்தால் கட்டணம் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

இனி வைப்பாளர். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை 2021 செப்டெம்பரில் 100,000 ரூபாவை 6 சதவீத வட்டிக்கு ஓராண்டு நிலையான வைப்பில் இட்டார் எனக் கொள்வோம். ஓராண்டில் கையில் 106,000 ரூபா. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முன்பு 100,000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு இப்போது 169,800 ரூபா தேவை. வட்டி கிடைத்தும் அவர் இழந்தார்.

அதே பணத்தை அவர் உடனே 20 சதவீதத்துக்கு மீண்டும் வைப்பிலிட்டிருந்தால்? 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம் மட்டுமே. பெயரளவு வட்டியையும் மெய் வட்டியையும் பிரித்தறியாதவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது. பரீட்சையிலும் பெரும்பாலும் இங்கேதான் புள்ளி இழக்கப்படுகிறது.

அனுபவமுள்ள வைப்பாளர் பணம் முழுவதையும் ஒரே தவணைக்கு இடுவதில்லை. 600,000 ரூபாவை மூன்றாகப் பிரித்து 3 மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என இடுவர். வீதம் ஏறினால் குறுகிய வைப்பைப் புதிய வட்டிக்கு மாற்றலாம். இறங்கினால் நீண்ட வைப்பில் பழைய வட்டி தொடரும். முழு இலாபம் எப்பக்கமும் கிடைக்காது. ஆனால் மாத வட்டியை நம்பி மருந்து வாங்குபவருக்கு வருமானம் ஒரே நாளில் பாதியாகிவிடாது.

பயிற்சி

1. 2023 செப்டெம்பரில் 100,000 ரூபா 10 சதவீத வட்டிக்கு ஓராண்டுக்கு வைப்பிலிடப்பட்டது. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் −0.5 சதவீதம். வைப்பாளர் மெய்யாக அடைந்த நன்மையை, படிமுறைகளைக் காட்டிக் கணிக்குக.

2. மேற்கூறிய வீட்டுக் கடனில் 500,000 ரூபா அடைக்கப்பட்டால், 24 சதவீத வட்டியில் மாத வட்டி எவ்வளவு? 25,000 ரூபாத் தவணை அதற்குப் போதுமா?