கடன் யாருக்கு, யாரிடமிருந்து? ஆங்கிலக் கடிதத்தில் சின்னச் சொற்கள்



உஸ்மான் சாலைப் பக்கம் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு நாள் மாலை என்னிடம் ஒரு தாளை நீட்டினார். வெளிமாநிலத்திலிருந்து அவருக்கு மிளகாய் அனுப்பும் மொத்த வியாபாரி, ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காகப் பாக்கியை உறுதி செய்து கையெழுத்திட்டு அனுப்பும்படி கேட்டிருந்தார். "தொகை சரியாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பிடட்டுமா சார்?" என்றார் நண்பர். தொகை 48,600 ரூபாய். சரிதான். ஆனால் தொகைக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த வாசகம்: "டியூ ஃப்ரம் அஸ் டு யூ".

விஷயம் இதுதான். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த மூட்டைகளை நண்பர் திருப்பி அனுப்பியிருந்தார். சரக்குக்கான பணம் முன்பே போய்விட்டது. ஆகவே 48,600 ரூபாய் அவருக்கு வரவேண்டிய பணம். கடிதமோ அதை அவர் தரவேண்டிய பணம் என்கிறது! அங்குள்ள குமாஸ்தா எல்லோருக்கும் ஒரே படிவத்தை அனுப்பியிருப்பார். இதில் சூது ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு கெடு உண்டு. அந்தக் கெடு முடிவதற்குள், "ஆம், நான் தரவேண்டும்" என்று கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும் என்பது 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. இல்லாத கடனுக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுப்பானேன்?

விருதுநகர்ப் பருப்பு வியாபாரியோடு நமக்குத் தமிழே போதும். குண்டூர் மிளகாய், உஞ்ஜா சீரகம், இந்தூர்ப் பருப்பு என்று போனால் ஆங்கிலம்தான் நடுவில் நிற்கிறது. அதனால் இந்தப் பாடத்தில் 'டு', 'ஃப்ரம்', 'ஃபார்', 'வித்', 'பை' ஆகிய சின்னச் சொற்களும், அவற்றின் பின்னால் வரும் 'நான், நீ, அவர்' என்ற சொற்களும் எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்போம்.

பள்ளியில் வேற்றுமை எட்டு என்று படித்திருப்பீர்கள். ஐ, ஆல், கு என்று எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 1856-இல் தம் ஒப்பிலக்கண நூலை வெளியிட்ட கால்டுவெல், இப்படிப் பின்னால் வருவதையே திராவிட மொழிகளின் அடையாளங்களில் ஒன்றாகச் சொன்னார். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் தனியாகப் பிரிந்து முன்னால் வந்து நிற்கும். எனக்கு என்பது 'டு மீ'. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 'நான்' என்பதோடு 'கு' சேரும்போது 'நானுக்கு' என்று யாரும் சொல்வதில்லை. 'நான்' என்பது 'என்' ஆகி, 'எனக்கு' என்றாகிறது. ஆங்கிலத்திலும் அப்படியேதான். 'டு' வந்ததும் 'ஐ' போய் 'மீ' ஆகிவிடும். அதேபோல 'வி' என்பது 'அஸ்', 'ஹி' என்பது 'ஹிம்', 'ஷி' என்பது 'ஹெர்', 'தே' என்பது 'தெம்'. 'யூ', 'இட்' இரண்டும் மாறுவதில்லை.

தனியாக வரும்போது இதில் யாரும் தவறுவதில்லை. இரண்டு பேர் சேர்ந்தால்தான் வம்பு. "எனக்கும் என் தம்பிக்கும்" என்பதை "ஃபார் மை பிரதர் அண்ட் ஐ" என்று எழுதிவிடுகிறோம். தம்பியை விரலால் மறைத்துப் பாருங்கள். "ஃபார் ஐ" என்று வருமா? வராது. ஆகவே "ஃபார் மை பிரதர் அண்ட் மீ" என்பதே சரி. "பிட்வீன் யூ அண்ட் மீ" என்பதும் இதே கணக்குதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இடத்தில் 'ஐ' போட்டுச் சறுக்குவதுண்டு. நமக்கு வெட்கம் வேண்டாம்.

இனி நம்மவர் அதிகம் தடுமாறும் இடத்துக்கு வருவோம். அது 'இடம்' என்ற சொல்லேதான். கடைப்பேச்சில் 'கிட்ட' என்போம். மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். செக்கை அவரிடம் கொடுத்தேன். செக்கை அவரிடம் வாங்கினேன். செக் அவரிடம் இருக்கிறது. மூன்றிலும் ஒரே 'அவரிடம்'. ஆனால் முதலாவதில் செக் அவருக்குப் போகிறது. இரண்டாவதில் அவரை விட்டு வருகிறது. மூன்றாவதில் அங்கேயே கிடக்கிறது. திசையை நமக்குக் காட்டுவது வினைச்சொல். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று சொற்கள் வேண்டும்: 'டு ஹிம்', 'ஃப்ரம் ஹிம்', 'வித் ஹிம்'. "அவரிடம் கொடுத்தேன்" என்பதை மனதில் வைத்துக்கொண்டு "கேவ் வித் ஹிம்" என்று எழுதுவதும், "உங்களிடம் வாங்கிய சரக்கு" என்பதை "குட்ஸ் பாட் வித் யூ" என்று எழுதுவதும் இதனால்தான். முன்னது "கேவ் டு ஹிம்", பின்னது "பாட் ஃப்ரம் யூ" என்றிருக்க வேண்டும்.

கொடுத்தேன், வாங்கினேன் என்று வினை தெளிவாக இருந்தால், சின்னச் சொல் தவறினாலும் படிப்பவர் ஒருவாறு புரிந்துகொள்வார். 'டியூ' அப்படியல்ல. பாக்கி என்பதைத் தவிர அதற்குள் வேறொன்றும் இல்லை. திசை முழுவதும் அதன் பின்னால் வரும் சொல்லில்தான் இருக்கிறது. 'டியூ டு அஸ்' என்றால் நமக்கு வரவேண்டியது. 'டியூ ஃப்ரம் அஸ்' என்றால் நாம் தரவேண்டியது. 'பேயபிள்' என்ற சொல்லும் இதே ஜாதி: 'பேயபிள் டு அஸ்' வரவு, 'பேயபிள் பை அஸ்' செலவு. நான் வைத்திருக்கும் வழி எளியது. 'ஃப்ரம்', 'பை' இவற்றுக்குப் பின்னால் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய கல்லாவிலிருந்து பணம் கிளம்புகிறது. 'டு' என்பதற்குப் பின்னால் இருப்பவர் கல்லாவில் போய் விழுகிறது. கையெழுத்துப் போடுமுன் விரலை வைத்து இப்படிப் படித்துவிடுங்கள். இப்போது கடிதமெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. "48,600 டியூ" என்று மட்டும் வரும். அதற்கு "ஓ.கே." என்று பதில் போடுவதற்கு முன், யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய முறைப் பேரேட்டில் பற்றுப் பக்கம் 'டு' என்றும் வரவுப் பக்கம் 'பை' என்றும் எழுதும் வழக்கம் உண்டு. அது கணக்கு எழுதும் மரபு. அந்த 'டு'வைக் கடிதத்தின் 'டு'வோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து 'கு'. "எனக்கு அனுப்புங்கள்" என்பது "ஸெண்ட் இட் டு மீ". "எனக்காக எடுத்து வையுங்கள்" என்பது "கீப் இட் ஃபார் மீ". ஆனால் "எனக்கு 10 மூட்டை வேண்டும்" என்பதில் 'டு'வும் இல்லை, 'ஃபார்'உம் இல்லை. "ஐ நீட் டென் பேக்ஸ்" அவ்வளவுதான். தமிழில் 'கு' இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் தேடக்கூடாது. "எனக்குச் சொல்லுங்கள்" என்பதை "டெல் டு மீ" என்பார்கள். "டெல் மீ" போதும். 'இன்ஃபார்ம் அஸ்', 'கான்டாக்ட் அஸ்', 'கால் மீ' எல்லாம் அப்படியே. ஆனால் 'எக்ஸ்ப்ளெயின்', 'ஸப்ளை' ஆகியவற்றுக்கு 'டு' வேண்டும்: 'எக்ஸ்ப்ளெயின் டு மீ', 'ஸப்ளை டு அஸ்'. ஏன் இப்படி என்று கேட்டால் விதி ஒன்றும் கிடையாது. விலைப்பட்டியலை மனப்பாடம் செய்வதுபோல இதையும் செய்துகொள்ள வேண்டியதுதான்.

சரக்கைத் திருப்பும்போது வருகிற ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். "ஸெண்ட் இட் பேக்" என்பதில் 'இட்' நடுவில் வரும். "ஸெண்ட் பேக் இட்" தவறு. ஆனால் "லுக் இன்டு இட்" என்பதில் 'இட்' கடைசியில்தான் வரும். 'இன்டு' என்பது மேலே பார்த்த 'டு', 'ஃப்ரம்' போன்ற சொல். தன் பின்னால் ஒரு பெயரை எதிர்பார்க்கும். 'பேக்' அப்படியல்ல, திரும்ப என்ற பொருளில் வினையோடு ஒட்டியது.

நண்பர் கதைக்கு வருகிறேன். படிவத்தில் இருந்ததை அடித்து, மேலே "டியூ ஃப்ரம் யூ டு அஸ்" என்று எழுதி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டு, மூட்டைகளைத் திருப்பிய லாரி ரசீதின் நகலையும் இணைத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த லோடில் 48,600 ரூபாயைக் கழித்துக்கொண்டே பில் வந்தது.

இந்த இதழுக்குப் பயிற்சி. கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: உங்களிடமிருந்து 5 மூட்டை வந்தது. அவர்களிடம் பணம் கொடுத்துவிட்டோம். பில் என்னிடம் இருக்கிறது. எனக்கும் என் பங்குதாரருக்கும் ஒரே பில் போடுங்கள். நாங்கள் தரவேண்டியது 2,000 ரூபாய். சின்னச் சொற்கள் வரிசையாக: 'ஃப்ரம் யூ', 'டு தெம்', 'வித் மீ', 'ஃபார் மை பார்ட்னர் அண்ட் மீ', 'டியூ ஃப்ரம் அஸ்'.