சொல் அறிவோம்: ‘ஆல்ரெடி’

இந்த மாதச் சொல், நம் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும் ‘ஆல்ரெடி’.

பிறப்பு: ‘ஆல்’ என்றால் முழுக்க, ‘ரெடி’ என்றால் தயார். இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. முதலில் ‘முழுத் தயார்’ என்றே பொருள். பிறகு ‘ஏற்கெனவே’ ஆனது. ‘வீ ஆர் ஆல் ரெடி’ (நாங்கள் எல்லாரும் தயார்) என்பதை இன்றும் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

பொருள்: ஒன்று, ‘இதற்கு முன்பே’. இரண்டு, ‘நினைத்ததைவிடச் சீக்கிரமாக’. ‘இஸ் இட் டென் ஆல்ரெடி?’ என்றால், ‘அதுக்குள்ள பத்து மணி ஆயிடுச்சா?’ என்ற வியப்பு.

நம் ஊர் வழக்கு: கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டரைத் தவறவிட்டவர், ‘ட்ரெயின் கோ ஆல்ரெடி’ என்பார். கோயிலில், ‘பூஜை ஃபினிஷ் ஆல்ரெடி’. இங்கே பொருள் ‘முன்பே’ அல்ல, ‘முடிந்துவிட்டது’. ‘போயிடுச்சு’, ‘முடிஞ்சாச்சு’ என்று தமிழில் வினையின் கடைசியில் சொல்கிறோமே, அதே வேலை. மலாயில் ‘சுடா’வும் ஹொக்கியனில் ‘லியாவ்’வும் செய்வது இதைத்தான்.

பிரிக்பீல்ட்ஸில் நான் எடுக்கும் வார இறுதி வகுப்பில், நன்றாகப் பேசும் பிள்ளைகள்கூட நேர்காணல் என்றதும் ஊமையாகிவிடுகிறார்கள். ‘நம்ம இங்கிலீஷ் மட்டம் சார்’ என்கிறார்கள். மட்டம் இல்லைப்பா! அமெரிக்க யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழிப் பழக்கத்தில் சொன்ன ‘இனஃப் ஆல்ரெடி’ (போதும்ப்பா!) இன்று அமெரிக்கர் எல்லாரும் சொல்வது. தாய்மொழி எட்டிப் பார்ப்பது எங்கும் உண்டு. ஆனால் எந்த இடத்தில் எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எஸ்.பி.எம். தாளிலும் நேர்காணலிலும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ போட்டு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேருங்கள்:

‘தி ட்ரெயின் ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்.’
‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்.’

தமிழ் பேசும்போது? ‘ஆல்ரெடி சாப்பிட்டாச்சு’ வேண்டாம். ‘சாப்பிட்டாச்சு’ என்பதிலேயே முடிந்த கதை வந்துவிட்டது. ‘முன்பே’ என்று அழுத்திச் சொல்ல ‘ஏற்கெனவே’, ‘முன்னமே’, ‘அப்பவே’ என மூன்று சொற்கள் நம்மிடம் உண்டு. வீட்டில் நாம் சொல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அவை தெரியாமலே போய்விடும்.

பயிற்சி: ஆங்கிலத்தில் எழுதுங்கள்.
1. அப்பா வேலைக்குப் போயாச்சு.
2. இந்தத் தேவாரத்தை நான் ஏற்கெனவே மனனம் செய்துவிட்டேன்.
3. அதுக்குள்ள மழை வந்துடுச்சா?